உங்கள் வரைவைத் திருத்துவது யார்?
வாசகர் கேள்வி – பதில்

பம்புசெட், மிக்சி, கணினி மென்பொருள் எதுவானாலும் அதனுடன் வரும் கையேட்டை எழுதுவது ஒரு தனித் தொழில் என்றும், அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் 'தொழில்நுட்ப எழுத்தாளர்' என்று பெயர் என்றும் சென்ற இதழில் ஒரு பதிலின் ஓரத்தில் சொல்லியிருந்தேன். அந்த ஓரக் குறிப்புக்குத்தான் இம்முறை கடிதங்கள் அதிகம் வந்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை காரைக்குடி வட்டாரத்திலிருந்தே வந்தவை. எல்லாக் கடிதங்களும் ஏதோ ஒரு வகையில், இதைப் படித்துக் கற்பதா, வேலையில் சேர்ந்து பழகுவதா என்றே கேட்பதால் இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஆங்கில இலக்கியத்தில் முதுகலை முடித்திருக்கிறேன். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பயிற்சி எழுத்தாளராகச் சேர அழைப்பு வந்திருக்கிறது. 'முறையாக ஒரு பட்டயப் படிப்பை முடித்துவிட்டுப் போ, இல்லாவிட்டால் காலம் முழுவதும் அரைகுறையாகவே இருப்பாய்' என்கிறார்கள் அப்பச்சி. 'இதையெல்லாம் வகுப்பில் உட்கார்ந்து கற்க முடியாது' என்கிறார் அண்ணன். நான் யார் பேச்சைக் கேட்பது?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: அழைப்பை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் ஏற்பதற்கு முன், ஊதியத்தைப் பற்றியும் விடுப்பைப் பற்றியும் கேட்கும்போதே, 'நான் எழுதும் வரைவை யார் படிப்பார்கள், திருத்தியதை எனக்குக் காட்டிக் காரணம் சொல்வார்களா?' என்பதையும் கேட்டுவிடுங்கள். இன்னார் படிப்பார், வாரத்துக்கு இத்தனை முறை உட்காருவோம் என்று தெளிவான பதில் வந்தால் தயங்காமல் சேருங்கள். 'அதெல்லாம் போகப்போகப் பிடிபட்டுவிடும்' என்று சிரித்தபடி சொன்னால், அப்பச்சி சொல்வதுபோல் படிப்புக்குப் பணம் கட்டுவதே மேல். ஏனெனில் அங்கே உங்களுக்குக் கிடைக்கப்போவது வேலை மட்டும்தான், பயிற்சி அன்று.

செட்டிநாட்டுப் பெண்ணுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை. பர்மாவிலும் மலேயாவிலும் நகரத்தார் நடத்திய வட்டிக்கடைகளில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்த சிறுவன் அடுத்தாளாகி, பிறகு மேலாளாகிக் கடையையே நடத்தினான், அவன் எந்தக் கல்லூரிக்குப் போனான் என்று உங்கள் அண்ணனைப் போன்றவர்கள் கேட்பதை நானும் கேட்டிருக்கிறேன். அவர்கள் சொல்லாமல் விடுவது இரண்டு உண்டு. கப்பல் ஏறுவதற்கு முன்பே அந்தச் சிறுவன் எண்சுவடி என்னும் வாய்பாட்டை, அரைக்கால், மாகாணி எனத் தொடங்கி 320இல் ஒரு பங்கான முந்திரி வரைக்கும், உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்படி மனப்பாடம் செய்திருந்தான். அது முறைசார்ந்த கல்வி அல்லாமல் வேறென்ன? கடையில் சேர்ந்த பிறகும், பேரேட்டில் ஒரு வரி பிசகினால் அதைக் கண்டு கேட்பதற்கு மேலாள் அதே கூரையின் கீழ் இருந்தார். எண்சுவடியும் மேலாளும் இல்லாத கடையில் அந்தப் பையன் பெட்டியைத் துடைத்துக்கொண்டே காலத்தைக் கழித்திருப்பான்.

என் சொந்த அனுபவம் அத்தகைய மேலாள் இல்லாத கடையில்தான் தொடங்கியது. பம்பு தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் இளம் பொறியாளராக இருந்தபோது, 'இவன் பிழையில்லாமல் எழுதுவான்' என்ற ஒரே தகுதியைக் காரணமாகக் காட்டிக் கையேடு எழுதும் பொறுப்பை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். நிறுவும் முறையை விளக்கும் பக்கத்தில், 4ஆம் படியாக 'மோட்டாரை இயக்கவும்' என்று எழுதினேன். 5ஆம் படியாக, 'இயக்குவதற்கு முன் பம்பினுள் நீர் முழுமையாக நிரம்பியிருப்பதை உறுதி செய்துகொள்ளவும்' என்று எழுதினேன். இரண்டு வாக்கியங்களிலும் இலக்கணப் பிழை இல்லை, தகவல் பிழையும் இல்லை. ஆனால் வயல்காட்டில் ஒரு கையில் ஸ்பேனரும் மறு கையில் என் தாளுமாக நின்ற ஃபிட்டர் 4ஆம் படியைப் படித்தார், படித்ததைச் செய்தார். அந்த வகைப் பம்பில் உள்ளே ஓடும் நீர்தான், சுழலும் தண்டைச் சுற்றி நீர் கசியாமல் தடுக்கும் 'சீல்' என்னும் அடைப்பைக் குளிரவைக்கிறது. நீரில்லாமல் ஓடினால் சற்று நேரத்தில் சீல் கருகிவிடும். கருகிய சீல் என் மேசைக்கு வந்து சேர்ந்தது. மேலதிகாரி அதை எடுத்துக் காட்டி, 'இனிமேல் கவனமாக எழுதுப்பா' என்று மட்டும் சொன்னார்.

நானும் அது கவனக்குறைவு என்றே ஈராண்டு காலம் நம்பிக்கொண்டிருந்தேன். பிறகு விடுப்பெடுத்துக்கொண்டு ஒரு குறுகியகால வகுப்பில் சேர்ந்தபோது, முதல் நாள் முதல் மணி நேரத்திலேயே ஆசிரியர் சொன்னார்: கையேட்டைப் படிப்பவர் ஒரு படியைப் படித்தவுடன் அதைச் செய்துவிடுவார், அடுத்த படியையும் பார்த்துவிட்டுத்தான் செய்வார் என்று எண்ணாதீர்கள், ஆகவே நிபந்தனையும் எச்சரிக்கையும் செயலுக்கு முன்னால்தான் நிற்கவேண்டும். ஈராண்டு வேலை கற்றுத்தராததை ஒரு மணி நேர வகுப்பு கற்றுத்தந்தது. ஆயினும், என்னருகே அமர்ந்திருந்த கல்லூரி மாணவர்கள் அந்த விதியைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவர்கள் எவருடைய மேசையிலும் கருகிய சீல் வந்து விழுந்ததில்லை.

அதனால் நான் பரிந்துரைக்கும் வரிசை இது: முதலாண்டு வேலை, இரண்டாம் ஆண்டில் வேலையோடு சேர்த்து மாலை வகுப்போ தொலைநிலைப் படிப்போ. வகுப்பில் சேர்வதற்குள் உங்களுக்கென்று சில தவறுகள் சேர்ந்திருக்கும். அவற்றுக்குப் பெயர் வைப்பதற்குத்தான் வகுப்பு. ஒரு பொருளை விளக்கும் பக்கம், ஒரு செயலைச் செய்யச் சொல்லும் பக்கம், தேவைப்படும்போது புரட்டிப் பார்க்கும் பட்டியல் பக்கம் ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று கலக்கக்கூடாது என்பது, ஐபிஎம் நிறுவனம் உருவாக்கி 2005இல் பொதுத் தரமாக ஏற்கப்பட்ட டிட்டா என்னும் முறையின் அடிப்படை. இதை வேலையில் தானாகக் கண்டுபிடிக்கப் பல ஆண்டுகள் ஆகும். வகுப்பில் ஒரு பிற்பகல் போதும். மறுபக்கம், பேச மறுக்கும் பொறியாளரைப் பேசவைப்பது எப்படி, மென்பொருள் வெளியாகும் நாளுக்கு முந்தைய இரவு திரையில் ஒரு பொத்தானின் பெயரை மாற்றிவிட்டால் நாற்பது பக்கங்களில் எங்கெங்கே அது வருகிறது என்று தேடுவது எப்படி என்பதை எந்தப் பாடத்திட்டத்திலும் நான் கண்டதில்லை.

கேள்வி: பாலிடெக்னிக்கில் பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கையேடு எழுதப் பொறியியல் படித்தவர் தகுதியானவரா, மொழி படித்தவரா? இயந்திரமே தெரியாதவர் அதைப் பற்றி எழுதுவது எப்படிச் சரியாகும்?
– ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: ஐயா, நீங்கள் கேட்ட கேள்விக்கு ஆத்தங்குடியில் எனக்கு ஒரு பதில் கிடைத்தது. அங்கே தரையில் பதிக்கும் கல் செய்யும் பட்டறை ஒன்றில் ஒரு முற்பகல் முழுவதும் உட்கார்ந்து, அந்த வேலையைப் படிப்படியாக எழுத முயன்றேன். கண்ணாடித் தகட்டைச் சட்டத்துக்குள் வைக்கிறார்கள், அதன்மேல் உலோக அச்சை வைத்து ஒவ்வோர் அறையிலும் ஒரு நிறச் சாந்தைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள், அச்சை அலுங்காமல் தூக்கிவிட்டு உலர்ந்த மணல், சிமெண்டுக் கலவையைத் தூவுகிறார்கள், அதன்மேல் ஈரச்சாந்தைப் பரப்பி மட்டம் செய்கிறார்கள். சூளையில் சுடுவதில்லை, நீரில் ஊறவைத்து உலர்த்துவதுதான். நீரிலிருந்து எடுத்துக் கண்ணாடியைப் பிரிக்கும்போது கல்லின் முகம் வழவழவென்று வருகிறது.

நிறச் சாந்தில் எவ்வளவு நீர் சேர்க்கவேண்டும் என்று அங்கிருந்த மூத்த தொழிலாளியைக் கேட்டேன். 'பதமா இருக்கணும்' என்றார். பதம் என்றால் எப்படி என்று கேட்டேன். 'கரண்டியில எடுத்தாத் தெரியும்' என்றார். அவர் எதையும் மறைக்கவில்லை; அவ்வளவு காலம் செய்த கைக்குப் பதம் என்பது அளவாக இல்லை, உணர்வாக இருக்கிறது. ஒன்றும் தெரியாதவனாக நான் உட்கார்ந்திருந்ததால்தான், அவர் கரண்டியைச் சாய்க்கும்போது சாந்து சொட்டாமல் நூல்போல இறங்குவதையும், அப்படி இறங்காதபோதெல்லாம் அவர் கொஞ்சம் நீர் தெளிப்பதையும் பார்த்தேன். 'கரண்டியைச் சாய்த்தால் சாந்து அறுபடாமல் இறங்கவேண்டும்' என்று எழுதிக் காட்டியபோது, 'அதைத்தானே சொன்னேன்' என்றார்.

பொறியியல் படித்தவரின் இடர் இதுதான்: தமக்குத் தெரிந்ததைப் பிறருக்கும் தெரியும் என்று எண்ணி ஒரு படியைத் தாண்டிவிடுவார். மொழி படித்தவரின் இடர் வேறு: தெரியாததை அழகான வாக்கியத்தால் மூடிவிடுவார். என் கணக்கில் இரண்டாவதே ஆபத்து அதிகம், ஏனெனில் அது வாசிக்க நன்றாக இருக்கும். ஆகவே மொழி படித்தவரைப் பணிமனையிலும், பொறியியல் படித்தவரை வகுப்பிலும் கூடுதலாக உட்காரவைக்கவேண்டும் என்பேன். நிறுவனங்கள் பொதுவாக இதைத் தலைகீழாகச் செய்கின்றன.

கேள்வி: சான்றிதழ் வாங்கினால் வேலை உறுதியா?
– ஒரு கல்லூரி மாணவர், புதுக்கோட்டை

பதில்: இல்லை. இத்தொழிலுக்கென்று 1953இல் தொடங்கிய மரபு உடையதும், உலக அளவில் சான்றிதழ் வழங்கி வந்ததுமான அமெரிக்கச் சங்கமே 2025 ஜனவரியில் திவால் அறிவித்து மூடப்பட்டுவிட்டது. நேர்காணலுக்குப் போகும்போது நீங்களே எழுதிய இரண்டு கையேட்டுப் பகுதிகளைக் கையில் கொண்டுபோங்கள். வீட்டிலிருக்கும் இன்வெர்ட்டருக்கு எழுதியதாயினும் சரி. அடிப்படை வேண்டுமென்றால், கூகுள் தன் பொறியாளர்களுக்காக உருவாக்கிப் பின்னர் இணையத்தில் இலவசமாகத் திறந்துவைத்திருக்கும் இரண்டு பாடங்கள் ஆங்கிலத்தில் உள்ளன. அவற்றை முடிக்க ஒரு மாதம் தேவைப்படாது.

கேள்வி: தமிழ் முதுகலை படிக்கிறேன். இந்தத் தொழில் முழுவதும் ஆங்கிலத்தில்தானே நடக்கிறது? தமிழ் படித்தவருக்கு இதில் இடமுண்டா, அதற்கென்று படிப்பு உண்டா?
– ஒரு மாணவி, திருப்பத்தூர்

பதில்: ஊதியம் தரும் வேலைகளில் பெரும்பகுதி ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் தமிழில் கையேடு தேவைப்படும் இடங்கள் பெருகி வருகின்றன, அவற்றை இப்போது நிரப்புவது சகிக்கமுடியாத மொழிபெயர்ப்பு. உழவு இயந்திரத்துக்கும் பூச்சிக்கொல்லித் தெளிப்பானுக்கும் வரும் தமிழ்த் தாள்களை ஒருமுறை படித்துப் பாருங்கள். இது நடை சார்ந்த மனக்குறை மட்டுமன்று. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 84ஆம் பிரிவு, தீங்கு நேராமல் சரியாகப் பயன்படுத்துவதற்குப் போதிய அறிவுறுத்தலோ தவறான பயன்பாடு குறித்த எச்சரிக்கையோ பொருளில் இல்லாவிட்டால், அதற்குத் தயாரிப்பாளர் பொறுப்பாவார் என்கிறது. விவசாயிக்குப் புரியாத தாளைப் போதிய அறிவுறுத்தல் என்று எந்தத் தயாரிப்பாளர் வாதிடுவார்?

தமிழ் படித்தவருக்கு இதில் ஒரு வசதியும் ஒரு வேலையும் காத்திருக்கின்றன. வசதி என்னவென்றால், நம் மொழியில் வினை இறுதியில் வருவதால் நிபந்தனை இயல்பாகவே முன்னால் வந்து நிற்கும். 'சிவப்பு விளக்கு எரிந்தால் சுவிட்சை அணைக்கவும்' என்பதைத் திருப்பிச் சொல்லத்தான் நாம் முயற்சி எடுக்கவேண்டும். ஆங்கிலம் எழுதுபவருக்கு வகுப்பில் உட்காரவைத்துக் கற்பிக்கவேண்டிய பழக்கம் நமக்கு வாக்கிய அமைப்பிலேயே இருக்கிறது. (அப்படியிருந்தும் பம்பின் சீலை ஒருவன் கருகவிட்டான் என்றால், அவன் வாக்கியத்தில் தமிழனாகவும் பத்தியில் வேறு யாராகவோவும் இருந்திருக்கிறான்.)

வேலை என்னவென்றால், அந்த வசதிக்கே உரிய நோயைக் குணப்படுத்துவது. எச்சங்களை அடுக்கிக்கொண்டே போய், 'மூடியைத் திறந்து வடிகட்டியைக் கழற்றிக் கழுவி உலரவைத்துப் பொருத்தி மூடி' என்று மூச்சுவிடாமல் எழுதினால், ஃபிட்டர் பாதியில் தாளைக் கீழே வைத்துவிடுவார். விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்காக ஐரோப்பாவில் உருவான எளிமைப்படுத்திய ஆங்கிலத் தரத்தில், செய்முறை வாக்கியம் 20 சொற்களைத் தாண்டக்கூடாது, விளக்க வாக்கியம் 25 சொற்களைத் தாண்டக்கூடாது என்று விதி உண்டு. அந்த எண்களை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், வேடிக்கைதான். அங்கே மூன்று சொல்லில் சொல்வதை நாம் உருபும் விகுதியும் சேர்த்து ஒரே சொல்லாக்கிவிடுகிறோம். தமிழில் 20 சொல் என்றால் அது ஒரு பத்தி. செய்முறை வாக்கியத்துக்கு ஒரு முற்றுவினை, மிஞ்சிப்போனால் ஓர் எச்சம் என்று வைத்துக்கொள்வது என் பழக்கம். நான் அறிந்தவரை, தமிழில் கையேடு எழுதுவோர் இத்தகைய விதிகளை ஆளுக்கொன்றாக, அடிபட்டுத்தான் கண்டுபிடிக்கிறார்கள். நன்னூல் படித்த ஒருவர் நூறு தாள்களைத் திருத்திப் பார்த்து இவற்றை எழுதிவைத்தால், பின்னால் வருபவருக்கு அதுவே பாடநூலாகும்.

கேள்வி: இப்போது கணினியே வரைவு எழுதித் தந்துவிடுகிறதே, படித்தென்ன, பழகியென்ன?
– ஒரு வாசகர், பள்ளத்தூர்

பதில்: எழுதித் தருகிறது, பல வேளைகளில் புதியவரைவிட நன்றாகவே. எனக்குள்ள கவலை வேறு. பயிற்சிக்கு வந்தவர் முதலில் எழுதிப் பழகும் சில்லறை வேலைகளைத்தான் அது முதலில் எடுத்துக்கொள்கிறது. பெட்டியடி வேலையே இல்லாமல் போனால் அடுத்தாள் எங்கிருந்து வருவான்? இன்று சேரும் இளைஞர் முதல் நாளிலிருந்தே பிறர் எழுதியதைச் சரிபார்ப்பவராக இருக்கவேண்டியிருக்கிறது. ஆனால் சரிபார்க்கும் கண் எழுதித் தவறியவர்களுக்கே வாய்க்கிறது. ஆகவே சேர்ந்த ஆறு மாதம் வரை முதல் வரைவைக் கையாலேயே எழுதவையுங்கள் என்று எனக்குத் தெரிந்த மேலாளர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்பவர் குறைவு.

கேள்வி: காரைக்குடி அருகே குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரங்களைச் சிறிய அளவில் தயாரித்து விற்கிறோம். 'எப்படிப் பயன்படுத்துவது' என்று கேட்டு வாடிக்கையாளர்கள் அழைத்துக்கொண்டே இருக்கிறார்கள். கையேடு எழுத ஒருவரை நியமிக்க எண்ணம். படித்தவரை வெளியிலிருந்து எடுப்பதா, எங்களிடம் சர்வீஸ் பார்க்கும் பையனையே ஒரு படிப்புக்கு அனுப்புவதா?
– ஒரு தொழில்முனைவர்

பதில்: பையனையே தயார் செய்யுங்கள். எந்த வீட்டில் எந்தக் குழாயை மாற்றிப் பொருத்திவிட்டார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். வெளியாள் அதைத் தெரிந்துகொள்ள ஓராண்டு ஆகும். ஆனால் உடனே படிப்புக்கு அனுப்பவேண்டாம். முதலில் ஒரு மாதத்துக்கு, வரும் ஒவ்வோர் அழைப்பிலும் வாடிக்கையாளர் கேட்ட கேள்வியை அவர்கள் சொன்ன சொல்லிலேயே ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். 'மெம்பரேன் அடைப்பு' என்று உங்கள் பையன் எழுதினால் அடித்துவிட்டு, 'தண்ணி சொட்டுச் சொட்டா வருது' என்று வந்ததை வந்தபடி எழுதவையுங்கள். கையேட்டின் தலைப்புகள் அந்த நோட்டிலேயே கிடைத்துவிடும், ஏனெனில் மெம்பரேன் என்ற சொல் தெரியாதவர் அந்தத் தலைப்பைத் தேடப்போவதில்லை.

திருத்துவதற்கு ஒருவர் வேண்டும். உங்களுக்கு நேரமிராது, இருந்தாலும் உங்களால் ஆகாது; இயந்திரத்தைச் செய்தவர் கண்ணுக்கு விடுபட்ட படி தெரியாது. உங்கள் ஊரில் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் இல்லாமலா போவார்? வாரம் ஒரு மாலை அவர் வீட்டு முகப்பில் இயந்திரத்தையும் தாளையும் வைத்து, தாளை மட்டும் பார்த்து வடிகட்டியை மாற்றச் சொல்லுங்கள். பையன் அருகில் நிற்கட்டும், ஆனால் வாயைத் திறக்கக்கூடாது. ஆசிரியர் எந்த வரியில் தயங்கி நிற்கிறாரோ அந்த வரியின் கீழ் சிவப்பு மையால் கோடிடவேண்டும். அதுதான் அந்த வாரத்துப் பாடம். அவருக்கு மாதம் ஒரு தொகை கொடுத்துவிடுங்கள், சும்மா வாங்காதீர்கள். நான்கைந்து மாதங்களில் கோடுகள் குறைந்து, 'இந்த வரி ஏன் இப்படி இருக்கவேண்டும்' என்று பையனே உங்களிடம் வந்து கேட்கத் தொடங்குவார். படிப்புக்கான கட்டணத்தை அப்போது கட்டுங்கள்.